மஞ்சள் மங்கினால் மருந்தா?

சோற்றை விழுங்காமல் சிறிது நேரம் மென்றுகொண்டே இருங்கள், லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. மீதி வேலை சிறுகுடலில். அங்கே ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதி அதைக் குளுக்கோஸாக்கிவிடுகிறது. இந்த நொதியைத் தடுத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும். சர்க்கரை நோய்க்குத் தரும் அகார்போஸ் மாத்திரை செய்வது அதைத்தான். பட்டை, கிராம்பு போன்றவற்றின் எண்ணெய்க்கும் அந்தத் திறமை உண்டா என்றுதான் ஆய்வகங்கள் பார்க்கின்றன.

பட்டையை இடித்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டால், ஆவியோடு எண்ணெயும் வரும். குளிரவைத்துப் பிரிக்கலாம். பல தாவர எண்ணெய்கள் நீரில் மிதக்கும். பட்டை எண்ணெய் அடியில் தங்கும்.

சோதனை நடப்பது உள்ளங்கை அளவிலான, 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில். குழியில் நொதியையும் எண்ணெயையும் விட்டு, பாரா நைட்ரோஃபீனால் (தனியே பிரிந்தால் மஞ்சளாகத் தெரியும் பொருள்) ஒட்டிய போலிச் சர்க்கரை ஒன்றைச் சேர்ப்பார்கள். நொதி அதை வெட்டினால் மஞ்சள் நிறம் தோன்றும். நொதி முடங்கினால் மங்கும். 405 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி நிறத்தை அளந்து, நொதியின் வேகத்தைப் பாதியாக்க எவ்வளவு எண்ணெய் தேவை என்று கணக்கிடுவார்கள்.

கேட்க எளிது, செய்தால் தலைவலி. எண்ணெய் தண்ணீரில் கலக்காது. டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானில் கரைத்து ஊற்றினாலும் சில சமயம் பால்போல் கலங்கி, ஒளியை மறித்து அளவைக் கெடுக்கும். ஆவியாகிப் பக்கத்துக் குழிக்கும் போய்விடும். பட்டை எண்ணெயின் முக்கியப் பொருளான சின்னமால்டிஹைடோ புரதங்களோடு எளிதில் வினைபுரியும். அது முடக்குவது இந்த நொதியை மட்டும்தானா என்று தனியே பார்க்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ‘அகார்போஸைவிட வலிமையானது’ என்ற வரியைப் பார்த்தால், எந்த நொதியில் சோதித்தார்கள் என்று முதலில் தேடுவேன். விலை மலிவு என்பதால் பலரும் ஈஸ்ட்டின் நொதியையே வாங்குகிறார்கள். பாலூட்டிகளின் குடல் நொதியை மடக்கும் அகார்போஸ், ஈஸ்ட் நொதியிடம் பெரிதாக எடுபடாது. நொண்டிக் குதிரையை முந்தியதற்கு என்ன கோப்பை? எலியின் சிறுகுடல் நொதியில் அதே சோதனையைச் செய்தால் போட்டி ஓரளவு நியாயமாகும்.

அதிலும் தேறினால் உடல் குறுக்கே நிற்கும். அகார்போஸ் பெரும்பாலும் குடலிலேயே தங்கி வேலை செய்கிறது. சின்னமால்டிஹைடு அப்படியில்லை, விரைவாக உறிஞ்சப்பட்டு, சின்னமிக் அமிலமாகி, கடைசியில் பெரும்பகுதி ஹிப்பூரிக் அமிலமாகச் சிறுநீரில் போய்விடுகிறது.