கூரையைப் பிரிக்காமல் எழுதி மட்டும் வைத்தால் போதுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் போகும் பள்ளி மண்டபத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆட்கள் வந்து சின்னத் துண்டு ஒன்றை எடுத்தார்கள், எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டினார்கள், போய்விட்டார்கள். கூரை அப்படியே இருக்கிறது. இதென்ன கண்துடைப்பா?"

கேள்வி நியாயமானது. ஆனால் கூரை நல்ல நிலையில் இருந்தால், அதைத் தொடாமல் விட்டு ஒழுங்காகப் பதிவு செய்வதுதான் சரி.

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், ஒரு கனிமம். தீப்பிடிக்காது, மக்காது, விலையும் மலிவு. சிமெண்டில் பத்துப் பதினைந்து சதவீதம் கலந்து கூரை, சீலிங், தண்ணீர்க்குழாய் என்று செய்து தள்ளினார்கள். தென்னாப்பிரிக்கா அதைத் தோண்டி ஏற்றுமதியும் செய்த நாடு. வடக்கு கேப்பில் நீல வகை, லிம்போபோவின் பெங்கேயில் பழுப்பு, பார்பர்ட்டன் பக்கம் வெள்ளை. 2008இல் தடை வந்தது. அதற்கு முன் கட்டியவை இன்னும் நிற்கின்றன.

சரி, நாருக்கு வருவோம். சாதாரணக் கல்லை இடித்தால் பொடியாகும். கல்நாரோ வாழைமட்டையை நார்நாராகக் கிழிப்பது போல நீளவாக்கில் பிளக்கும். நீலத்திலும் பழுப்பிலும் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சங்கிலிகள் நெடுக ஓடுகின்றன. சங்கிலிக்குள் பிணைப்பு பலம், சங்கிலிகளுக்கு நடுவே பலவீனம். அதனால் உடைய உடைய நார் மெலிந்துகொண்டே போகிறது, நீளம் அவ்வளவாகக் குறைவதில்லை. கடைசியில் கிடைக்கும் இழை தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது.

காற்றில் ஒரு நார் எவ்வளவு வேகமாக விழும் என்பதைப் பெரும்பாலும் அதன் தடிமன்தான் தீர்மானிக்கிறது. அதனால் இந்த இழைகள் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சில் போனால் காற்றோட்டத்தின் திசைக்கே திரும்பிக்கொண்டு நுரையீரலின் அடிவரை போய்விடும். அங்கே தூசியை விழுங்கும் செல்கள் காவல் இருக்கின்றன. அப்படி ஒரு செல்லின் அகலம் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நார் அதைவிட நீளமாக இருந்தால் ஒரு முனை உள்ளே போகும், மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூட முடியாத செல், கிருமியைக் கொல்ல வைத்திருந்த ரசாயனங்களைச் சுற்றிலும் கசியவிடுகிறது. நார் கரைவதில்லை. செல் செத்து, அடுத்தது வந்து, அதுவும் தோற்கும். உடம்பு விடாமல் சில நார்கள்மேல் புரதமும் இரும்பும் பூசிப் பார்க்கிறது. நுண்ணோக்கியில் அவை பொன்பழுப்பு நிறத்தில், முனைகள் உருண்டு, நெடுக முடிச்சு முடிச்சாகத் தெரியும். நம் உடம்பு எத்தனை பிடிவாதமாகப் போராடியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த அழற்சி பல்லாண்டு நீடித்தால் நுரையீரல் தழும்பேறும், சிலருக்குப் புற்றுநோய் வரும். நோய் தெரிய 20, 40 ஆண்டுகள்கூட ஆகும். "தாத்தா இந்தக் கூரைக்கடியில்தானே இருந்தார், ஒன்றும் ஆகவில்லையே" என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். 1960இல் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் என்ற மூன்று மருத்துவர்கள் வடக்கு கேப் பகுதியிலிருந்து 33 மீசோதீலியோமா (நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோய்) நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலையே பார்க்காதவர்கள், அந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள். யார் எங்கே பிறந்தார், எங்கே வளர்ந்தார் என்று ஒவ்வொருவராக விசாரித்துத்தான் இதைக் கண்டார்கள். இப்படிப் பொறுமையாக விசாரிக்கும் ஆய்வுக்கு அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும்.

முழுசாக இருக்கும் ஷீட்டில் சிமெண்ட் நாரைப் பிடித்து வைத்திருக்கிறது. ட்ரில், ரம்பம், கம்பி பிரஷ், தீபாவளிக்கு முன் கூரை கழுவக் கொண்டுவரும் பிரஷர் மெஷின், இவைதான் அதை அவிழ்த்துவிடும். ஃபேன் மாட்ட ஏணி ஏறுகிறவருக்கு விஷயம் முன்கூட்டியே தெரிய வேண்டும். கட்டடத்தில் கல்நார் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து பட்டியலிடுவதை 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் கட்டாயமாக்கியது அதற்காகத்தான்.

"மண்டபம், கூரை, ஆஸ்பெஸ்டாஸ்" என்று ஒரே வரியில் முடிப்பது பதிவு ஆகாது. எந்த அறை, எந்தப் பொருள், ஆய்வகம் சொன்ன வகை, விரிசல், பாசி, உடைந்த ஓரம், கை எட்டும் உயரமா, போட்டோ, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி எல்லாம் இருக்க வேண்டும். மழை சிமெண்டை மெல்ல அரித்து நாரை வெளியே கொண்டுவரும். எப்போது பிரித்தே ஆக வேண்டும் என்பது தொடர்ந்து பார்த்து எழுதினால்தான் தெரியும். 2014இல் ஃப்ரீ ஸ்டேட் மாகாணம் ஆஸ்பெஸ்டாஸ் வீடுகளைக் கணக்கெடுத்து அகற்ற 25.5 கோடி ரேண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. அது இன்று ஊழல் வழக்காகி நிற்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. இந்த வேலை ஏழைகளின் மூச்சு சம்பந்தப்பட்டது.

அம்மா, பள்ளி அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். மண்டபத்தின் பக்கத்தில் தேதியும் நிலையும் எழுதியிருக்கிறதா என்று கவனியுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனைச் சுற்றி எத்தனையோ பள்ளிகள் சேதமாயின. அப்படி ஏதாவது நடந்து ஷீட் உடைந்தால் யாரும் பெருக்கக் கூடாது. பிள்ளைகளை வெளியே அனுப்பி, மண்டபத்தைப் பூட்டிவிட்டு, பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரை வரவழைக்கச் சொல்லுங்கள்.