ஒலி மங்கினால் சிப்பை மாற்றிவிடாதீர்கள்

சில மாதங்களுக்கு முன் ஒருவர் தம்முடைய கமடோர் 64 கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். விளையாட்டுகளில் இசை முழு அளவில் ஒலித்தது; பேச்சுக் குரலும் முரசொலியும் மட்டும் ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு மங்கியிருந்தன. வேறோர் இடத்தில் ஒலிச் சிப் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். மூடியைத் திறந்து சிப்பின் மேலிருந்த எண்ணைப் பார்த்தேன்: 8580. அதில் எந்தப் பழுதும் இல்லை.

1982-இல் வந்த இக்கணினிக்காக பாப் யானெஸ் வடிவமைத்த 6581 என்னும் 'சிட்' சிப், மூன்று குரல்களில், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று தனித்தனி ஒலிகளில், இசையை உருவாக்குவதற்கானது. பதிவுசெய்த ஒலியை இசைக்க அதில் தனி வழி வைக்கப்படவில்லை. ஆனால் அதன் வெளியீட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் எப்போதும் தங்கியிருக்கும். ஒலியளவை மாற்றும்போது அதுவும் கூடிக் குறைவதால் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் எழும். ஒலியளவுக்கு இருந்த 16 படிகளுக்குள் நொடிக்குப் பல ஆயிரம் முறை ஏறி இறங்கினால் அந்த டப்புகள் சேர்ந்து மனிதக் குரலாகிவிடும் என்று நிரலாளர்கள் கண்டுகொண்டார்கள். வடிவமைப்பின் குறைதான் நான்காவது குரலாயிற்று. பின்னர் வந்த 8580-இல் அக்குறையைப் பெருமளவு களைந்தார்கள். கூடவே அந்தக் குரலும் அடங்கிப்போனது.

சிப்பில் வெளி ஒலியை உள்வாங்கும் 26-ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 330 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். வெளியீட்டில் அந்த மின்னழுத்தம் மீண்டும் தங்கியதால் குரல் தெளிவாக வந்தது. பழைய 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட் என்பதை அறியாமல் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகியிருந்தால், இன்று எங்கும் தயாரிக்கப்படாத ஒரு நல்ல சிப் வீணாகியிருக்கும்.

கமடோர் 64 வந்த அதே 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் 48 கே மாடலில் ஒலிச் சிப்பே இல்லை. செயலி மற்ற பாகங்களோடு தொடர்புகொள்ளும் வழிகளில் ஒன்றான 254-ஆம் போர்ட்டின் ஒரே ஒரு பிட்டைச் செயலி தானே ஏற்றி இறக்கி ஸ்பீக்கரை அதிரவைக்கிறது. பல சுரங்களை ஒன்றாகக் கேட்கச் செய்யும் நிரல்களில் அடியில் ஒரு கரகரப்பு இருந்தே தீரும். ஸ்பீக்கரை மாற்றினாலும் அது போகாது. டிஆர்எஸ்-80 கணினியின் முதல் மாடலிலோ ஸ்பீக்கரும் கிடையாது. கேசட் ரிக்கார்டருக்குப் போகும் வயரை ஆம்ப்ளிஃபயரில் செருகித்தான் கேட்க வேண்டும். 1975-இல் கணினி ஆர்வலர் ஸ்டீவ் டாம்பியர் ஆல்டேர் 8800-இன் அருகே வைத்த ரேடியோவில், அக்கணினியின் மின்காந்த இரைச்சலையே பாட்டாக்கிக் காட்டியதும் இவ்வகையே.

ஒரு முறையை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கமடோர் 64-உடன் பயன்படும் 1541 டிஸ்க் டிரைவில், டிஸ்கைப் படிக்கும் ஹெட்டை நகர்த்தும் மோட்டாரால் இசைக்கும் நிரல்கள் உண்டு. அந்த டிரைவில் தொடக்கத் தடத்தை உணரும் சென்சார் கிடையாது. ஹெட் தடுப்பில் திரும்பத் திரும்ப மோதினால் அதன் நிலை விலகி, பல ஆண்டுகளாகப் பத்திரப்படுத்திய டிஸ்குகளைப் படிக்க முடியாமல் போகும்.