சீட்டுக்குப் பின்னால் சேஸை வெட்டும் முன்

பழைய பைக்கை கேஃபே ரேசராக மாற்ற ஆசைப்படுகிற தம்பிகள் பெரும்பாலும் செல்போனில் ஒரு படத்தோடுதான் பட்டறைக்கு வருகிறார்கள். டேங்குக்குப் பின்னால் நேர்கோடாக ஒரு சின்ன சீட், அதன் முடிவில் திமில் மாதிரி ஒரு மேடு, தாழ்ந்த ஹேண்டில்பார், மட்கார்டு இல்லாத பின்சக்கரம். அப்பாவின் ஹீரோ ஹோண்டாவோ மாமாவின் ஆர்எக்ஸ் 100-ஓ வீட்டு போர்டிகோவில் சும்மா நிற்கிறது. நாலு வீடியோ பார்த்தாயிற்று, கிரைண்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. அப்புறம் என்ன, முதல் வேலையாக, வண்டியின் எலும்புக்கூடு மாதிரியான இரும்புச் சட்டமான சேஸைப் பின்பக்கத்தில் வெட்டிவிடுகிறார்கள். வெட்டி, சீட் வைத்து, பெயின்ட் அடித்து, ஒரு மாதம் ஓட்டிய பிறகு "அண்ணே, வளைவுல பின்னாடி ஆடுற மாதிரி இருக்கு" என்று வருகிறவர்களே அதிகம். வெட்டுவதற்கு முன்னால் வந்திருந்தால் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1950, 60-களில் இங்கிலாந்தில், லண்டனின் நார்த் சர்க்குலர் ரோட்டில் இருந்த ஏஸ் கேஃபே மாதிரியான இடங்களில் கூடிய இளைஞர்கள் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொடுவதற்காகத் தங்கள் வண்டிகளை மாற்றினார்கள். அவர்களில் பலர் கட்டிய வண்டி ட்ரைட்டன். ட்ரையம்ப் இன்ஜினை எடுத்து நார்ட்டன் கம்பெனியின் ஃபெதர்பெட் சேஸில் பொருத்துவார்கள். ஏன் அந்தச் சேஸ்? அந்தக் காலத்தில் வளைவில் அசையாமல் நிற்கிற சேஸ் என்று அதற்குப் பெயர். நல்ல இன்ஜினுக்கு இன்னும் உறுதியான சேஸைத் தேடிப் போனவர்கள்தான் கேஃபே ரேசரை உருவாக்கினார்கள். இன்று நாம் அதே பெயரில் செய்கிற முதல் வேலை, இருக்கிற சேஸின் உறுதியைக் குறைப்பது. இதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம்.

சேஸில் எந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று வண்டியின் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். நம் ஊர் 100, 150 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றில் டேங்குக்கு அடியிலிருந்து இரண்டு குழாய்கள் பின்னால் வருகின்றன. அவற்றில்தான் இரண்டு ஷாக் அப்சார்பர்களின் மேல்முனைகள் மாட்டியிருக்கும். அதையும் தாண்டிப் போய், பின்லைட்டுக்குப் பக்கத்தில் இரண்டும் ஒரு வளைவாகவோ குறுக்குப் பட்டையாகவோ சேர்கின்றன. "அது பின்சீட்டையும் மட்கார்டையும் தாங்கத்தானே" என்று நினைத்துத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். ஆனால் பின்சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது இரண்டு ஷாக்கும் அந்தக் குழாய்களைத் தனித்தனியாக மேலே தள்ளுகின்றன. அவை அகலாமலும் முறுக்காமலும் பிடித்து நிறுத்துவதில் அந்தக் குறுக்குச் சேர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் இரண்டு குழாயும் தங்கள் இஷ்டத்துக்கு வளைந்து மீளும். இரும்பு சில காலம் பொறுத்துக்கொள்ளும், பிறகு விரிசல் விடும்.

விரிசல் வெல்டிங் மேட்டின் மேல் வருவதை நான் பார்த்தது குறைவு. அதற்கு ஒட்டினாற்போல, சூட்டில் பழுத்த இடத்தில்தான் வரும். முதலில் பெயின்டில் முடி கனத்தில் ஒரு கோடு தெரியும். மழையில் நனைந்த பிறகு அந்தக் கோட்டிலிருந்து பழுப்பாகத் துரு கசிந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி, சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் ஈரக்கோடாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்த வண்டியை அதன் பிறகு ஓட்டவே கூடாது.

ஏற்கெனவே வெட்டிவிட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு குழாய்களையும் பின்னால் சேர்க்கிற அந்த வளைவுக் குழாயை மறுபடி போடுவதுதான் வழி. அதே வெளிவிட்டமும் அதே சுவர்க் கனமும் உள்ள இரும்புக் குழாயாக இருக்க வேண்டும். வெட்டிய இடத்தில் உள்ளே இறுக்கமாகப் போகிற ஒரு துண்டுக் குழாயைச் செருகி, இரு பக்கமும் துளையிட்டு அந்தத் துளை வழியாகவும் பற்றவைக்க வேண்டும். கேட், கிரில் செய்கிற கரண்ட் வெல்டிங்கை இதற்கு நம்ப வேண்டாம். மெல்லிய குழாயில் அது ஒன்று ஓட்டை போடும், இல்லையென்றால் மேலோட்டமாகப் பிடிக்கும். சி.ஓ.2 வெல்டிங்கோ ஆர்கான் வெல்டிங்கோ செய்கிற, சேஸ் வேலை தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மிச்சமிருந்த, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வளைத்துப் போட்ட வண்டிகளும் வந்திருக்கின்றன. துத்தநாகப் பூச்சின் மேல் பற்றவைத்தால் வெல்டிங் சரியாகப் பிடிக்காது, அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்குக் குளிர்காய்ச்சலும் வரும்.

வெட்டாமலே அந்தத் தோற்றத்தைக் கொண்டுவர முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய சீட் மாட்டியிருந்த அதே போல்ட் துளைகளில் உட்காருகிற மாதிரி ஒரு தகட்டு அடித்தளம் செய்து, அதன் மேல் மெல்லிய ஃபோம் வைத்துத் தைத்தால் சீட் நேர்கோட்டுக்கு வந்துவிடும். பின்பாதியை மூடுகிற திமிலைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். பின்னால் அம்மாவோ மனைவியோ உட்கார வேண்டிய நாளில் அதைக் கழற்றிவிடலாம். கைப்பிடியும் சாரி கார்டும் பின்னால் உட்காருபவரின் கால்மிதியும் அப்படியே இருக்கட்டும். மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி இவை இருந்தே ஆக வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்களை நம் எல்லோருக்கும் தெரியும்.

ஹேண்டில்பார் விஷயத்தில், முன் ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாக மாட்டுகிற கிளிப்-ஆன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். இப்போதுள்ள கிளாம்பிலேயே மாட்டக்கூடிய தாழ்வான பார்கள் கிடைக்கின்றன. எதை மாட்டினாலும் தெருவில் இறக்கும் முன் இரண்டு சோதனை. ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள், கட்டைவிரல் டேங்குக்கும் பாருக்கும் நடுவில் நசுங்கக் கூடாது. பிறகு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு மறுபடி இரண்டு கோடிக்கும் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். யூ டர்ன் அடிக்கும்போது வண்டி தானாகப் பாயும், நேராக எதிரில் வருகிற பஸ்ஸுக்கு. கால்மிதியைப் பின்னால் தள்ளுகிற ரியர்-செட் போட்டால் கிக்கர் அதில் இடிக்கிறதா, பிரேக் மிதி முன்பு போலவே அழுத்தம் தருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து ஏர் ஃபில்டர். சீட்டுக்கடியில் காலியாகத் தெரிய வேண்டும் என்று ஒரிஜினல் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு கார்ப்பரேட்டரில் ஒரு கூம்பு ஃபில்டரைச் செருகுகிறார்கள். காற்று அதிகமாகப் போகும், பெட்ரோல் அதே அளவுதான் வரும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற மெயின் ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் இன்ஜின் சூடேறும். ஆர்எக்ஸ் மாதிரியான டூ ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் முனை லேசான பழுப்பில் இருந்தால் சரி, சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் வண்டியை நிறுத்துங்கள். காற்றின் இழுப்பில் தானாக ஏறி இறங்குகிற வேக்குவம் ஸ்லைடு உள்ள கார்ப்பரேட்டர் என்றால் பெட்டியைத் தொடவே வேண்டாம் என்பேன். அது பெட்டிக்குள் நிற்கிற நிதானமான காற்றை நம்பி வேலை செய்வது. நம் ஊர்த் தூசி வேறு இருக்கிறது. மலிவான கூம்பு ஃபில்டர் வழியாக உள்ளே போகிற மண் சிலிண்டர் போரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும்.

சட்டம் பற்றிப் பலர் தெரியாமலே இறங்குகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் இரண்டு பேர் உட்காரும் வண்டி என்று இருக்கும், நீங்கள் ஒற்றை சீட் ஆக்கியிருப்பீர்கள். நிறத்தை மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிந்துகொள்ள வேண்டும். இதில் பழைய வண்டிக்காரர்களுக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. 15 ஆண்டு முடிந்த வண்டியை 5 ஆண்டுக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வெட்டிய சேஸோடு எஃப்.சி. என்கிற அந்தத் தகுதிச் சோதனைக்குப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விபத்து நடந்தால் மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க இடம் கிடைக்கும்.

வீட்டில் வேலை செய்யும்போது நடக்கிற விபத்துகள் தனிக்கதை. பெட்ரோலைக் காலி செய்த டேங்கில் பற்றவைக்கலாம் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. நிறைந்த டேங்கைவிட ஆவி மட்டும் நிற்கிற காலி டேங்குதான் வெடிக்கும். டேங்க் ஒடுக்கெடுக்கிற வேலையை, அதைக் கழுவி ஆவி நீக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய பிரேக் ஷூவின் தூளை வாயால் ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கிற 2கே பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது, அதன் புகை ஆஸ்துமாவை வரவழைக்கும். சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. குழந்தைகள் நடமாடுகிற வீட்டுக்குள், ஸ்டவ் எரிகிற சமையலறைக்குப் பக்கத்தில் அதை அடிக்கவே கூடாது. பெயின்ட் வேலைக்கு மட்டுமாவது பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், வண்டியை முதலில் ஒரிஜினல் நிலையிலேயே நன்றாக ஓடவைக்கச் சொல்வேன். பல 100 சிசி வண்டிகளில் முன்னால் இருப்பது 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக்தான், அதற்குப் புது ஷூ போடுங்கள். ஹேண்டில் திரும்புகிற இடத்துக் கோன் செட், பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆமின் புஷ், வீல் பேரிங், வெடித்துப்போன டயர், இவற்றை மாற்றவே பட்ஜெட்டில் பாதி போய்விடும். போகட்டும். அதன் பிறகு சீட், ஹேண்டில்பார், லைட் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டால் எதனால் ஆடுகிறது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

கழற்றிய மட்கார்டு, சீட், ஃபில்டர் பெட்டி எதையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்தப் பழைய வண்டிகளுக்கு ஒரிஜினல் பாகம் கிடைப்பது வருஷா வருஷம் கடினமாகிக்கொண்டே போகிறது. ஸ்க்ரூக்களையும் சேர்த்துப் பையில் கட்டி, எது எங்கே இருந்தது என்று சீட்டு எழுதி உள்ளே போட்டு வையுங்கள். முதல் ஓட்டத்தை வீட்டுத் தெருவோடு நிறுத்திக்கொண்டு, திரும்பி வந்ததும் ஹேண்டில் கிளாம்ப், ஆக்சில் நட், ஷாக் போல்ட், பிரேக் ராடு எல்லாவற்றிலும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.