எல்லை கடக்கும் கைபேசி: ரோமிங் எப்படி இயங்குகிறது?

சூரிச்சிலிருந்து மியூனிக் செல்லும் ரயில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையை நெருங்கியதும், ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் மண்ணிலும் ஓடிவிடுகிறது. பயணியின் பையில் கிடக்கும் கைபேசியும் அதே வேகத்தில் ஒரு நாட்டு நெட்வொர்க்கை விட்டு இன்னொன்றில் சேர்கிறது; ஆனாலும் அவருடைய எண் மாறுவதில்லை, ஊரிலிருந்து அழைப்பவர் வழக்கம்போலவே அழைக்கிறார். வெவ்வேறு நாட்டு நிறுவனங்கள் ஒரு சந்தாதாரரைப் பற்றித் தமக்குள் நடத்தும் விரைவான விசாரணையே ரோமிங் எனப்படும் இந்த ஏற்பாட்டை நடத்திவைக்கிறது.

நெட்வொர்க் நம்மை அடையாளம் காண்பது, சிம் அட்டையில் பதிந்துள்ள, பெரும்பாலும் 15 இலக்கங்கள் கொண்ட ஒரு தனி எண்ணைக் கொண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: சுவிட்சர்லாந்துக்கு 228, ஆஸ்திரியாவுக்கு 232, ஜெர்மனிக்கு 262. அடுத்து வரும் இலக்கங்கள் எந்த நிறுவனத்தின் சிம் என்பதைச் சொல்லும். ஆகவே பிரெகென்ஸ் நகரின் ஆஸ்திரிய நெட்வொர்க்கிடம் ஒரு சுவிஸ் சிம் வந்து நின்றால், யாரிடம் விசாரிக்க வேண்டும் என்பது அந்த எண்ணிலேயே எழுதியிருக்கிறது.

விசாரணை நடக்கும் முறைதான் இந்த ஏற்பாட்டிலேயே மிக அழகான பகுதி என்பேன். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஒரு ரகசியச் சாவி உண்டு. அதன் மறுபிரதி, சிம்மை வழங்கிய சொந்த நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும். ஆஸ்திரிய நிறுவனம் கேட்டதும், சுவிஸ் நிறுவனம் சாவியைக் கொடுத்துவிடுவதில்லை. தற்போக்கான ஓர் எண்ணையும், அந்த எண்ணைச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டால் வரவேண்டிய விடையையும் மட்டும் அனுப்புகிறது. ஆஸ்திரிய நெட்வொர்க் அந்த எண்ணைக் கைபேசிக்குக் கொடுக்க, சிம் தனக்குள்ளேயே கணக்கிட்டு விடையைத் திருப்பித் தருகிறது. இரண்டு விடைகளும் பொருந்தினால் அனுமதி கிடைக்கும். கேள்வி ஒவ்வொரு முறையும் புதிது என்பதால், விடையை ஒட்டுக்கேட்டவரால் அதை மறுமுறை பயன்படுத்த முடியாது. இரண்டாம் தலைமுறை (2ஜி) நெட்வொர்க்கில் சிம்மை மட்டுமே சோதித்தார்கள். மூன்றாம் தலைமுறையிலிருந்து சிம்மும் நெட்வொர்க்கைச் சோதிக்கிறது. உண்மையான நெட்வொர்க்போல நடித்துக் கைபேசியை ஏமாற்றும் போலிக் கோபுரங்களைத் தடுக்க இது இன்றியமையாத மாற்றமாக இருந்தது.

அனுமதி கிடைத்ததும், சந்தாதாரர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதைச் சொந்த நிறுவனம் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. யாராவது அழைத்தால், அழைப்பு முதலில் சொந்த நாட்டுக்கே போய், அங்கிருந்து அவர் இருக்கும் நாட்டுக்குத் திருப்பப்படுகிறது. அழைப்பவர் உள்நாட்டுக் கட்டணத்தையே செலுத்துகிறார். எஞ்சிய வெளிநாட்டுப் பயணத்துக்கான செலவு அழைப்பை ஏற்பவர் தலையில் விழுகிறது. ரோமிங்கில் வரும் அழைப்புக்கும் பணம் கேட்பதன் காரணம் இதுதான்.

வானொலி அலைகள் எல்லைக் கற்களைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. நீர்ப்பரப்பில் தடையின்றிச் செல்வதால், கான்ஸ்டன்ஸ் ஏரியின் ஜெர்மன் கரையில் நிற்பவரின் கைபேசி எதிர்க்கரையிலுள்ள சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ள நேரலாம். அப்படிப் பிடித்த பின் தன் சொந்த நெட்வொர்க்கைக் கைபேசி இடைவிடாது தேடிக்கொண்டிருப்பதில்லை; சிம்மில் குறித்துள்ள இடைவெளியில்தான் தேடும். இடைவெளி குறிக்கப்படாவிட்டால், தரநிலைப்படி அது 60 நிமிடம். எனவே எல்லையோர ஊர்களில் நெட்வொர்க் தேர்வைக் கைமுறைக்கு மாற்றிவைப்பதே பாதுகாப்பானது.

இணையத் தரவின் கதை வேறு. ரோமிங்கில் தரவு பெரும்பாலும், உறைக்குள் வைத்த உறைபோல, பொதிக்குள் பொதியாகச் சொந்த நிறுவனத்துக்கே அனுப்பப்பட்டு, அங்கிருந்துதான் பொது இணையத்தில் கலக்கிறது. இந்திய சிம்மோடு மியூனிக்கில் அமர்ந்து, மியூனிக்கிலேயே உள்ள ஒரு சர்வரின் பக்கத்தைத் திறந்தாலும், கோரிக்கை இந்தியா சென்று ஜெர்மனிக்குத் திரும்ப, விடையும் அதே வழியில் வர வேண்டும். ஒரு வழித் தொலைவை 7,000 கிலோமீட்டர் என்று கொண்டால் மொத்தம் 28,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும் என்பதால், 140 மில்லிவினாடி பயணத்துக்கே போய்விடும். சிக்னல் பட்டைகள் நிறைந்திருந்தும் பக்கம் தயங்கித் திறப்பது இதனால்தான். பயணத்துக்கென விற்கப்படும் இசிம்களிலும் (தனி அட்டையின்றிக் கைபேசிக்குள்ளேயே பதிவாகும் சிம்) தரவு வேறொரு நாடு வழியாகச் சுற்றக்கூடும். பயணி இத்தாலியில் இருக்க, வலைத்தளங்கள் அவரை வேறு நாட்டில் இருப்பவராகக் கருதுவது அதன் விளைவு.

தொழில்நுட்பத்தில் இந்த ஒற்றுமை விரைவாகவே வந்துவிட்டது. ஐரோப்பிய நாடுகள் பல 1987இல் கோபன்ஹேகனில் பொதுத் தரநிலைக்கு ஒப்புக்கொண்டன. ஜிஎஸ்எம் என்ற அந்தத் தரநிலையில் அமைந்த நெட்வொர்க்கின் முதல் அழைப்பு 1991இல் பின்லாந்தில் நிகழ்ந்தது. விலையில் ஒற்றுமை வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் அழைப்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்து, 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்கிடையே கூடுதல் ரோமிங் கட்டணத்தையே நீக்கியது. நியாயமான பயன்பாட்டு வரம்பு மட்டும் உண்டு. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் இதில் அடங்கும். சுவிட்சர்லாந்து அடங்காது, ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனுக்கும் அந்த உத்தரவாதம் இல்லை. கப்பலிலும் விமானத்திலும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் நெட்வொர்க்குகளுக்கு இந்த விதி பொருந்தாது என்பதால், பால்டிக் கடலில் இரவுக் கப்பலில் செல்பவர்கள் ரோமிங்கை அணைத்துவிடுவது நல்லது.

இத்தனை விசாரணைக்கும் விலக்குப் பெற்ற அழைப்பு ஒன்று உண்டு. ஐரோப்பாவின் பொது அவசர எண்ணான 112ஐ அழைத்தால், கைபேசி எட்டும் தொலைவிலுள்ள எந்த நெட்வொர்க்கையும் பயன்படுத்திக்கொள்ளும். ரோமிங் ஒப்பந்தம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகளில், கைபேசியில் செயல்படும் சிம் இருந்தால்தான் அந்த அழைப்பு இணையும்.