கையெழுத்துக்கு முந்தின இரவு வரும் ஜெபக்குறிப்பு

சபை ஊழியத்தில் இருப்பவர்களிடம் வருகிற ஜெபக்குறிப்புகளில் பல, ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்ட தீர்மானங்களுக்கு ஆசீர்வாதம் கேட்பவையாகவே இருக்கின்றன. வீட்டை அடமானம் வைக்கப் பத்திரம் தயாராகியிருக்கும், அல்லது மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்டிடம் முன்பணம் கொடுத்தாகியிருக்கும். "ஐயா, நாளைக்குக் காலையில் கையெழுத்து, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று முந்தின இரவு போன் வரும். அப்படி அழைப்பவர்களின் விசுவாசத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் ஜெபத்தைக் கடைசிப் படியில் வைக்கிற இந்தப் பழக்கம் நல்ல விசுவாசக் குடும்பங்களைக் கடனிலும் மனக்கசப்பிலும் கொண்டுபோய் விடுவதை, ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் தொடர்ந்து பார்க்கிறேன்.

ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்ற யாக்கோபு 1:5 வசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம். அந்த வசனத்துக்கு முன்னால் சோதனைகளைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் அப்போஸ்தலன் பேசுவதையும், பின்னால் சந்தேகப்படாமல் கேட்க வேண்டும் என்று எச்சரிப்பதையும் சேர்த்து வாசிக்கிறவர்கள் குறைவு. நெருக்கத்தில் நிற்கிறவனுக்கு எழுதப்பட்ட வாக்கு அது. கேட்டால் கிடைக்கும், கேட்டதற்காகக் கடிந்துகொள்ள மாட்டார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆயினும் முடிவை முன்கூட்டியே கையில் இறுகப் பிடித்துக்கொண்டு ஞானம் கேட்கிறவன், உண்மையில் சம்மதத்தைத்தான் கேட்கிறான்.

கிபியோனில் சாலொமோன் ஞானமுள்ள இருதயத்தைக் கேட்டதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அதே சாலொமோனின் இருதயம் முதிர்வயதில் வழுவிப்போனது என்பதையும் 1 இராஜாக்கள் 11-ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. ஒருமுறை பெற்ற ஞானம் ஆயுள் முழுவதற்கும் தானாகவே போதுமாகிவிடுவதில்லை. ஆகவேதான் ஞானத்தையும் உறுதியான ஜெபத்தையும் பிரித்துப் பேச முடியாது என்று நினைக்கிறேன்.

இவ்விரண்டும் சேர்ந்து நடப்பதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் நெகேமியாவின் முதல் இரண்டு அதிகாரங்களை வாசிக்கக் கொடுப்பது வழக்கம். எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்து கிடக்கிற செய்தி பெர்சிய அரண்மனையில் வேலை செய்த அவருக்கு, யூத நாட்காட்டியின் கிஸ்லேயு மாதத்தில் கிடைக்கிறது. ராஜா அர்தசஷ்டா அவரது முகவாட்டத்தைக் கவனித்துக் கேட்பதோ நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய 4 மாதங்கள். உபவாசித்து, மன்றாடி, தன் ஜனத்தின் பாவத்தோடு தன் பாவத்தையும் அறிக்கையிட்டு, பானபாத்திரக்காரன் என்ற தன் வேலையையும் விடாமல் செய்துகொண்டிருந்தார். "நீ கேட்கிற காரியம் என்ன" என்று ராஜா கேட்ட அந்தக் கணத்திலும் பரலோகத்தின் தேவனை நோக்கி ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். அந்தப் பதிலைக் கவனியுங்கள்: திரும்பி வருவதற்கான காலம் குறித்துச் சொல்கிறார், நதிக்கு அப்புறத்து தேசாதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார், மரம் கொடுக்கும்படி ராஜாவின் வனத்துக் காவலன் ஆசாபுக்கும் ஒரு கடிதம் கேட்கிறார். இவ்வளவு தெளிவு அந்த நிமிஷத்தில் முளைத்ததல்ல. எருசலேமுக்கு வந்த பிறகும் யாருக்கும் அறிவிக்காமல், இரவில் சிலரோடு போய் அலங்கத்தைத் தம் கண்ணால் பார்த்த பின்புதான் கட்டலாம் என்கிறார். அலங்கம் 52 நாளில் கட்டி முடிந்தது என்று மகிழ்கிற நாம், அதற்கு முந்தைய மாதங்களை மறந்துவிடுகிறோம்.

பெரிய கடன் வாங்கும் எண்ணத்தோடு வருகிற குடும்பங்களிடம், ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, ஜெபத்தில் கேட்பதை அதில் எழுதச் சொல்வேன். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு குடும்பத்தில் அப்படி எழுதினார்கள். கடன் தொகை முதல் வரியிலேயே இருந்தது. மாதத் தவணை எவ்வளவு என்பது எங்குமே இல்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14-இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார் என்பதை நினைவுபடுத்தி, தவணையையும் எழுதி வைத்துக் குடும்ப ஜெபத்தைத் தொடரச் சொன்னேன். சில வாரங்கள் கழித்து, அதுவரை பேசாதிருந்த மனைவி, தன் நகைகள் ஏற்கெனவே அடகில் இருப்பதைச் சொன்னார். கடன் வாங்கும் எண்ணம் அத்தோடு நின்றது. ஜெபம் வீட்டுக்குள் உண்மையைப் பேச இடம் கொடுத்ததை நான் அங்கே கண்டேன்.

குறுக்குவழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கிற, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஆறுதலுக்கும் தியானத்துக்கும் உரியது. வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தை வைத்துத் திருமணத்தை முடிவு செய்வது வேதத்தை மதிப்பதாகாது. போனில் தீர்க்கதரிசனம் சொல்லிக் காணிக்கை கேட்கிறவர்கள் விஷயத்தில் இன்னும் விழிப்பு வேண்டும். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படி 1 தெசலோனிக்கேயர் 5:21 கட்டளையிடுகிறது. பரத்திலிருந்து வருகிற ஞானம் சுத்தமும் சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது என்கிறது யாக்கோபு 3:17. "இன்றைக்கே செய், வீட்டாரிடம் சொல்லாதே, செய்யாவிட்டால் சாபம்" என்று அவசரப்படுத்தி, மறைத்து, பயமுறுத்துகிற குரலில் இந்த அடையாளம் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒரு வார்த்தை வந்தால், பணம் அனுப்பாமல், உங்கள் ஆயரிடமோ முதிர்ந்த விசுவாசிகள் இருவரிடமோ முதலில் பேசுங்கள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவலைப்படுத்துவது, ஜெபிக்கிறோம் என்ற நம்பிக்கையில் இன்சுலினையும் ரத்த அழுத்த மாத்திரையையும் மனநலத்துக்கான மருந்தையும் நிறுத்திவிடுகிறவர்கள்தான். அப்போஸ்தலன் பவுல், தன்னை வருத்திய 'மாம்சத்தின் முள்' நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டு, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலைப் பெற்றார். அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லத் துணிய மாட்டோம். வைத்தியனாகிய லூக்கா அவருக்குப் பிரியமான உடன் ஊழியர். மருந்தைக் குறைக்கலாமா என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்கும் தைரியத்துக்காகவும், கிடைக்கிற பதிலை ஏற்கும் மனதுக்காகவும் தினமும் ஜெபிக்கலாம். தனியாகப் போகத் தயங்குகிறவர்களோடு மருத்துவமனைக்குச் சென்று வர ஒருவரை அனுப்புவதை ஒவ்வொரு சபையின் ஜெபக்குழுவும் தன் வேலையாக எடுத்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்கிறேன்.