காட்டுக்கு அடியில் இருக்கும் ஊர் லைடாருக்கு எப்படித் தெரிகிறது?

பிரிட்டிஷ் ஆய்வுப்பயணி பெர்சி ஃபாசெட் வருடக்கணக்கில் அமேசான் பக்கம் அலைந்தும் கிடைக்காத நகரங்கள், இப்போது லைடார் என்ற லேசர் அளவைக் கருவியோடு ஹெலிகாப்டரில் சுற்றினால் மட்டும் எப்படிக் கிடைக்கின்றன என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஃபாசெட் விவரமானவர். திருகோணமலையில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தார், பிறகு நில அளவை பயின்று 1906 முதல் பொலிவிய எல்லையை அளந்தார். அப்படிப்பட்டவரே கையிலிருந்த ஒரு கற்சிலையைக் கொண்டுபோய் ‘தொட்டுப் பார்த்துச் சொல்கிறவர்களிடம்’ குறி கேட்டார்! படிப்பு ஒரு பக்கம், குறி ஒரு பக்கம். 1925-இல் மகனோடும் மகனின் நண்பனோடும் காட்டுக்குள் போனார், மூவரும் திரும்பவில்லை. ஆனால் 1908–09-லேயே ஸ்வீடன் நாட்டு மானிடவியலாளர் எர்லண்ட் நார்டென்ஷ்யோல்ட், பொலிவியாவின் மோஹோஸ் சமவெளியில் மண்மேடுகளைப் பொறுமையாகத் தோண்டிப் பானைகளை எடுத்திருந்தார். அங்கே ஊரெல்லாம் மண்ணால் கட்டியது. மேலே மரம் வளர்ந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவருக்கு அது வெறும் ஏற்றம்தான்.

லைடார் கருவி நொடிக்குப் பல லட்சம் லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பும். திரும்பிவர 1 நானோ நொடி கூடினால் தூரம் 15 செ.மீ. கூடுதல். சுட்டபோது கருவி இருந்த இடத்தை ஜிபிஎஸ் சொல்லும், கோணத்தைச் சுழல்மானி சொல்லும். 500 மீட்டர் உயரத்தில் கோணம் 0.01 டிகிரி பிசகினால் தரையில் புள்ளி 9 செ.மீ. தள்ளி விழும்.

லேசர் இலையைத் துளைப்பதில்லை. மரத்தடியில் வெயில் பொட்டுப்பொட்டாக விழுகிறதே, அதே இடுக்குகள்தான் அதற்கும் வழி. ஒரே துடிப்பில் ஒரு பங்கு உச்சி இலையில் பட்டுத் திரும்பும், ஒரு பங்கு கிளையில், மிச்சம் தரையில். கடைசியாக வருவதெல்லாம் தரை என்று நம்பவும் முடியாது. அடர்ந்த புதராகவும் இருக்கலாம்.

அதனால் புள்ளிகளைச் சலிக்க வேண்டும். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிகத் தாழ்ந்த புள்ளியை எடுத்து முக்கோண வலையாகப் பின்னுவார்கள். பிறகு மற்ற புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள்: வலையிலிருந்து உயரமும் சாய்வும் வரம்புக்குள் இருந்தால் அது தரை, சேர்த்துக்கொள், மீறினால் செடி, தள்ளு. வலை கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தோடு ஒட்டும். வரம்பு வைப்பதில்தான் சாமர்த்தியம். இறுக்கினால் செங்குத்தான மேட்டின் விளிம்பையே மரமென்று சீவிவிடும். தளர்த்தினால் புதரெல்லாம் மேடாகும். எந்தக் கட்டத்தில் இடுக்கே இல்லையோ, அங்கே அருகிலுள்ள புள்ளிகளை வைத்துக் கணினி இட்டு நிரப்பிய தரைதான் இருக்கும். கோவில் மேடு என்று குதிப்பதற்குமுன் அங்கே எத்தனை தரைப்புள்ளி விழுந்தது என்று பார்ப்பது நல்லது.

அடுத்து, கணினியிலேயே சாய்வெயில் அடித்து நிழல் விழவைப்பார்கள். வடமேற்கு வெயில் மட்டும் போட்டால், அதே திசையில் ஓடும் கரை நிழலின்றி மறைந்துபோகும். ஆகவே சுற்றிப் பல திசைகளிலிருந்து.

இப்படித்தான் அதே மோஹோஸில் கோதோகா என்ற பழைய ஊர் தெரிந்தது. 2022-இல் தொல்லியலாளர் ஹைகோ ப்ரூமர்ஸ் குழு வெளியிட்ட வரைபடத்தில் 20 மீட்டருக்குமேல் உயர்ந்த கூம்பு மேடு, மதில், கால்வாய், கிலோமீட்டர் கணக்கில் நேராக ஓடும் மேட்டுப்பாதைகள் எல்லாம் உண்டு. கி.பி. 500 முதல் 1400 வரை என்ற காலக்கணக்கு மட்டும் லேசரில் வரவில்லை; அது மண்வெட்டி தந்தது. பறப்பதற்குப் பணம் தருகிறவர்கள், பல வருடம் குழியில் உட்கார்ந்து தோண்டுகிறவருக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.