சந்தையிலிருந்து வந்த ஆடும் 21 நாட்களும்

நம் வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பொய்கைச் சந்தையில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பெட்டை வெள்ளாடுகளை வாங்கிவந்து, அன்று இரவே பழைய ஆடுகளோடு பட்டியில் அடைத்திருக்கிறார். பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துத்தான் வாங்கினாராம். மறுநாள் மூன்றும் வயிறு நிறைய மேய்ந்தனவாம். ஆறாம் நாள் அவற்றில் ஒன்றுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. அடுத்த மூன்று வாரத்துக்குள் பழைய ஆடுகளில் பாதி கழிச்சல் கண்டு படுத்துவிட்டன. ஏழு ஆடுகள் இறந்தும் போயின. "நன்றாக மேய்ந்த ஆடு எப்படி ஐயா நோயைக் கொண்டுவரும்?" என்று கேட்கிறார்.

ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், அவர் விவரித்த அறிகுறிகள் ஆட்டுக்கொல்லி நோயோடு நன்றாகவே பொருந்துகின்றன. கால்நடை மருத்துவர்கள் பி.பி.ஆர். என்று குறிப்பிடும் இந்நோய் 1942இல் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தியாவில் அது முதலில் அடையாளம் காணப்பட்டது 1987இல், நமக்கு அடுத்த தென்னார்க்காட்டின் அரசூரில்தான். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய வைரஸ் வகையிலிருந்து பின்னர் ஒரு தடுப்பூசியும் உருவாயிற்று. குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை, மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் ஆகியவற்றின் வைரஸ்களும் ஆட்டுக்கொல்லி வைரஸும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அப்பேரினத்துக்கு மார்பில்லிவைரஸ் என்று பெயர்.

வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமானால், அச்செல்லின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது பள்ளியில் படித்த செய்திதான். நோயுற்ற ஆடு தும்மும்போது தெறிக்கும் துளிகளைப் பக்கத்து ஆடு மூச்சோடு இழுக்கிறது. ஆகவே வைரஸ் முதலில் மூக்கின் உட்பூச்சைத் தாக்கி, அங்கிருந்து உள்ளே போகும் என்று நாம் எண்ணுவோம். மார்பில்லிவைரஸ்கள் அப்படிச் செய்வதில்லை. இவை பற்றும் முதல் புரதம் ஸ்லாம் எனப்படுவது. தட்டம்மை வைரஸை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்தார்கள். ஸ்லாம் மூக்கின் உட்பூச்சில் கிடையாது. கிருமி வருகிறதா என்று மூச்சுப் பாதையிலும் தொண்டையிலும் காவல் காக்கும் நோயெதிர்ப்புச் செல்களின் மேல்தான் அது இருக்கிறது. வந்ததை விழுங்கி, அதன் அடையாளத்தை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச்சென்று காட்டுவது அந்தச் செல்களின் வேலை. வைரஸும் அதே செல்லுக்குள் அமர்ந்து அதே கணுவுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே ஸ்லாம் தாங்கிய வெள்ளையணுக்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. நான்கைந்து நாட்கள் வைரஸ் அவற்றுக்குள் பெருகி, இரத்தத்தில் ஏறி, உடலெங்கும் உள்ள நிணத் திசுக்களை எட்டுகிறது. அந்த நாட்களில் ஆடு மேய்கிறது, அசைபோடுகிறது, துள்ளுகிறது. மூக்கில் ஈரம்கூட மிகுவதில்லை.

பிறகுதான் வைரஸ் மூக்குக்கும் வாய்க்கும் குடலுக்கும் வருகிறது, அதுவும் உட்புறத்திலிருந்து. இவ்வைரஸ்கள் பற்றும் இரண்டாவது புரதமான நெக்டின்-4 என்பதை 2011இல் கண்டறிந்தார்கள். உட்பூச்சுச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பக்கச் சுவர்களில் அது இருப்பதால், காற்றிலிருந்து வந்து விழும் வைரஸுக்கு அது எட்டாது. இரத்தத்தின் வழியே, நோயுற்ற வெள்ளையணுக்களில் ஏறி, பின்புறமாக வருகிற வைரஸுக்கு எட்டிவிடும். பின்புறமாக நுழைந்த வைரஸ் முன்புறமாக, அதாவது மூச்சுக் குழலின் உள்வெளியை நோக்கி வெளியேறுகிறது. அடுத்த தும்மலில் அடுத்த ஆட்டை அடைவதற்கு அதைவிட ஏற்ற வாயில் வேறில்லை. இப்பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மூளையோ திட்டமோ இல்லாத ஒரு துகள், காவலரோடு உள்ளே சென்று, கோட்டை முழுவதும் சுற்றி, வாயிற்கதவை உள்ளிருந்து திறக்கிறது.

வாசகரின் கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது. நன்றாக மேய்ந்த நாட்களில்தான் வைரஸ் மிக மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. வெள்ளையணுக்கள் அழிவதால் ஆட்டின் எதிர்ப்பாற்றலும் சரிந்து, அதுவரை அடங்கியிருந்த நுரையீரல் பாக்டீரியாக்களும் குடல் ஒட்டுண்ணிகளும் தலைதூக்குகின்றன. இறக்கும் ஆடுகளில் பல நுரையீரல் அழற்சியால் இறப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளித்தோற்றத்தை நம்பி, புதிதாக வந்தவற்றை ஒன்றாக அடைத்துவைக்கும் இந்தத் தவற்றை அறிவியலாளர்களும் செய்திருக்கிறார்கள். கீரியைப் போல நீண்டு மெலிந்த உடல் கொண்ட கருங்கால் ஃபெரட் அழிந்தே போய்விட்டதாக நம்பப்பட்டிருந்தபோது, 1981இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் மீட்டீட்சி என்ற ஊருக்கருகே ஒரு பண்ணை நாய் அதைக் கவ்விக்கொண்டு வந்ததால் ஒரு சிறு கூட்டம் இருப்பது தெரியவந்தது. 1985இல் இன விருத்திக்காக ஆறு ஃபெரட்களைப் பிடித்து ஒரே கட்டடத்தில் வைத்தார்கள். அவற்றில் இரண்டின் உடலில், பிடிபடும்போதே டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. ஆறும் இறந்தன. ஃபெரட்டுக்கு டிஸ்டெம்பர் வந்தால் பிழைப்பது மிக அரிது. பின்னர் 1987க்குள் காட்டில் எஞ்சியவற்றையும் பிடித்தபோது இருந்தவை மொத்தம் 18 மட்டுமே. இன்று உள்ள கருங்கால் ஃபெரட்கள் ஏறத்தாழ எல்லாமே அவற்றில் ஏழின் வழித்தோன்றல்கள்.

ஆகவே புதிய ஆட்டை 21 நாட்கள் தனியே கட்டுங்கள். அங்கிருந்து பட்டியை நோக்கிக் காற்று வீசாத திசையில், தனித் தொட்டி, தனிக் கயிறு என்று இருக்கட்டும். பழைய ஆடுகளுக்குத் தீனி வைத்த பிறகே புதியவற்றிடம் செல்லுங்கள். திரும்பும்போது கைகால் கழுவிவிடுங்கள். இந்த வைரஸ் வெயிலில் நீண்ட நேரம் தாங்காது, மனிதருக்கும் தொற்றாது. இரவில் முகத்தோடு முகம் உரச அடைத்துவைக்கும் நெருக்கமே அதற்கு வேண்டியது. கவனிக்க வேண்டிய முதல் அடையாளம் காய்ச்சல். ஆட்டின் இயல்பான வெப்பம் 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். இந்நோயில் அது 104ஐத் தாண்டி 106 வரை போகும். வேலூர் வெயிலில் நண்பகலில் அளந்தால் நல்ல ஆட்டுக்கும் வெப்பம் கூடியே தெரியும் என்பதால், விடியற்காலையில் ஆசனவாயில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். அடுத்து தெளிந்த நீராக மூக்கும் கண்ணும் ஒழுகும். பிறகு அது கெட்டியாகி நாசியை அடைக்கும். உதட்டைத் தூக்கினால் ஈறில் தவிடு ஒட்டியதுபோல வெண்படலம் தெரியும், வாய் நாறும். கழிச்சல் அதற்குப் பிறகே வருகிறது. கழிச்சலைக் கண்டு விழித்துக்கொள்பவர் சில நாட்கள் பிந்திவிடுகிறார். காய்ச்சல் தெரிந்த அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும்.

பட்டி வாசலில் வேப்பிலை கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணேறு பட்டுவிட்டது என்று கழிப்புக் கழித்துவிட்டு மூன்று நாள் காத்திருப்பதை ஏற்க முடியாது. அந்த மூன்று நாளில் நோய் பட்டி முழுவதும் பரவிவிடும்.

தோலுக்கடியில் ஒரே ஒரு முறை போடும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி குறைந்தது மூன்று ஆண்டுகள் காக்கிறது. 1932இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நமக்கு இத்தனை அருகில் இருக்கிறது. ஆனால் அந்த மருந்து உயிருள்ள வைரஸ் என்பதால் பனிக்கட்டியிலேயே பயணம் செய்ய வேண்டும். மே மாதத்தில் ஜவ்வாது மலை ஊருக்கு அதைக் கொண்டுசேர்ப்பது எளிதன்று. வெக்கை நோய்க்கு 1990களில் வெப்பம் தாங்கும் தடுப்பூசி வந்த பிறகே, ஆப்பிரிக்காவில் சாலையும் மின்சாரமும் இல்லாத மேய்ச்சல் நிலங்களை அது எட்டியது. 2011இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிப்பதென்று உலக அமைப்புகள் இலக்கு வைத்திருக்கும்போது, வெப்பம் தாங்கும் தடுப்பூசிக்கான ஆய்வுக்கும் அரசுத் தடுப்பூசி நிலையங்களுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆடுதான் ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு.

அணைக்கட்டு வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: எஞ்சிய ஆடுகளைச் சந்தையில் தள்ளிவிடலாமா? வேண்டாம். இன்னும் நோயுற்றிருப்பவற்றைச் சந்தைக்கு ஓட்டினால், வேறொருவர் பட்டியில் இதே கதை தொடங்கும். மீண்டுவிட்ட ஆட்டுக்கு இந்நோய் வாழ்நாளில் திரும்ப வருவதில்லை. அது ஈனும் குட்டியும் சீம்பால் வழியே சில மாதம் காக்கப்படும். மூன்று நான்கு மாதம் கடந்ததும் அந்தக் குட்டிக்கு ஊசி போடுங்கள்.